உள்ளே மழை பெய்யும் வண்டி

வந்திருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர்கள் இருவரையும் சேர்த்தால் ஆறு. சர்வேயர் வீட்டு முன்னறையில், நில வரைபடங்களை விரித்துப் பார்க்கிற பெரிய மேசையைச் சுற்றி அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்தை முதலில் சொல்லிவிடலாம். சன்னலை ஒட்டி, வெளிச்சம் தாளில் நேராக விழுகிற இடத்தில் சர்வேயர், பேனாவும் கையுமாக. அவருக்கு இடப்பக்கம் பேக்கரிக்காரர், மடியில் ஒரு பன் பொட்டலத்துடன். அதை எப்போது பிரிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. எதிரே திரைச்சீலைக் கடைக்காரர், நாற்காலியின் நுனியில், வந்ததிலிருந்தே கிளம்பப்போகிறவர் மாதிரி. வலப்பக்கம் நர்ஸம்மா, வேலைக்குப் போகும் வெள்ளைச் செருப்போடு, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவருடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக், மேசைக்கே வரவில்லை. கதவோரத்து முக்காலியில், அக்காவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்காவும் தம்பியும் தனித்தனியாகத்தான் வந்தார்கள். சர்வேயரின் மனைவி உட்காரவில்லை. சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அப்படி நின்றால் யாரையோ கவனிக்கிறார் என்று அர்த்தம்.

எல்லோரையும் கூட்டிவைத்தது ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி வண்டி, அதே வெள்ளி நிறம். பூட்டு சரியில்லை என்று கம்பெனிக்கு ஆளாளுக்கு எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் வந்தது: “எங்கள் வாகனங்களின் ஒவ்வொரு சாவியும் தனித்தன்மை வாய்ந்தது. கண்ணாடியோ பூட்டோ உடையாமல் வாகனம் போயிருந்தால் அது உரிமையாளரின் கவனக்குறைவே.” இனிமேல் சேர்ந்து எழுதுவது என்று பேக்கரிக்காரர்தான் முடிவெடுத்தார். வரிசையாக, எண் போட்டு, பிசிறில்லாமல் கடிதம் எழுத சர்வேயரை விட்டால் ஆள் இல்லை என்று ஊரில் பேச்சு. அதனால் கூட்டம் அவர் வீட்டில்.

சர்வேயருக்கு என்ன புகார் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கும் அதே வண்டிதான் என்பது தெரியும். வாசலில் சாம்பல் நிற உறை போர்த்தி நின்றதைப் பார்த்துவிட்டு, “வண்டின்னா இப்படி வச்சுக்கணும்” என்று திரைச்சீலைக் கடைக்காரர் மெச்சிக்கொண்டேதான் படியேறினார்.

உறைக்குள் இருந்தது நர்ஸம்மாவின் வண்டி.

அது அங்கே வந்த கதை ஒரு கண் பரிசோதனையில் தொடங்குகிறது. வண்டி வாங்கி ஐந்தாம் நாள். பெரிய மருத்துவமனையில் சர்வேயரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பாவை விரியவைத்துப் பார்த்தார்கள். “ரெண்டு மணி நேரம் கழிச்சு வண்டியை எடுங்க” என்றாள் மருந்து விட்ட பெண். அவர் ஒரு மணி நேரம் பொறுத்தார். அதுவே பெரிய விஷயம். வெளியே வந்தபோது உலகம் பாலில் நனைத்து எடுத்தது போல் இருந்தது. லிஃப்டின் பொத்தான்கள் நிலாக்கள். எந்த நிலாவை அழுத்தினாரோ, அது கீழ்த்தளத்துக்குப் பதிலாக மேல்தளத்தில் கொண்டுபோய் விட்டது. வெயில் வெள்ளமாய்க் கிடந்த மேல்தளத்தில் நின்று சாவியை அழுத்தினார். தூரத்தில் ஒரு வெள்ளி வண்டி கண்ணடித்தது. போய் ஏறிக்கொண்டார். கிளப்பினார். கிளம்பியது. பிறகென்ன?

இரண்டுமே புது வண்டிகள். நம்பர் பிளேட் வரவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த தற்காலிகத் தாளின் எழுத்தை வெயில் நக்கி எடுத்துவிட்டிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து நாளில் ஒரு மனிதருக்குத் தன் வண்டியைப் பற்றி என்ன தெரியும்? அடுத்தவன் நிலத்தில் அரையடி தள்ளி வேலி போட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிற சர்வேயர், வண்டியில் கண்ட மாற்றங்களையெல்லாம் புது வண்டியின் வசதிகள் என்று எடுத்துக்கொண்டார். குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தார். “இருக்கை தானாகவே முன்னால் நகர்ந்துகொள்கிறது. நல்ல வசதி.” “உள்ளே இருக்கும் கண்ணாடி ஆளின் உயரத்துக்கு ஏற்பத் தாழ்கிறது. இன்னும் பழகவேண்டும்.” “கடையில் தருவதாகச் சொன்ன குடை இருக்கைக்கு அடியில் இருந்தது. நேர்மையானவர்கள்.”

பிறகு மழை. வண்டியைக் கிளப்பியதும் நான்கு மூலையிலிருந்தும் மழை பெய்யத் தொடங்கும். முதலில் தூறல், பிறகு இலைமேல் விழுகிற சத்தம், பிறகு தகரத்தின் மேல் கொட்டுகிற சத்தம், எங்கோ தொலைவில் உருளும் இடி. வெளியே தார் உருகுகிற வெயில். ஒருநாள் கண்ணாடித் துடைப்பானைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்கப் போயிருக்கிறார். ஆட்கள் நின்று பார்த்தார்கள். அதையும் வசதி என்றே எழுதினார்: “களைப்பு தீர மழைச் சத்தம். கம்பெனியில் யாரோ ரசனை உள்ளவர் இருக்கிறார்.” அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நேர்வழி ஐந்து நிமிடம். அவர் ஏரிக்கரையைச் சுற்றி நாற்பது நிமிடம் வந்தார். ஐம்பத்தாறு வயதில், கண்ணுக்கு முன்னால் நடுப்பகல் எரிய, காதுக்குள் அடைமழை பெய்ய, எங்கேயும் போய்ச் சேராமல் போய்க்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்துப்போனது. யாருடைய கனவுக்குள்ளோ தெரியாமல் புகுந்து உட்கார்ந்துகொண்டது போல ஒரு சுகம். உண்மையும் அதுதான் என்பது அப்போது தெரியாது.

இருபத்துமூன்றாம் நாள் நம்பர் பிளேட் வந்தது. பொருத்த வந்த பட்டறைக்காரர், வண்டியின் உடம்பில் அடித்திருந்த எண்ணைத் தாளோடு ஒப்பிட்டார். இன்னொரு முறை ஒப்பிட்டார். பிறகு திருப்புளியைப் பைக்குள் போட்டார்.

“சார், இது உங்க வண்டி இல்ல.”

“என்னப்பா சொல்றே?”

“யாருதுன்னு நீங்களே விசாரிச்சுக்கங்க. நான் இங்க வரவே இல்ல.”

மறுநாள் சர்வேயர் மருத்துவமனைக்கு நடந்தே போனார். கீழ்த்தளத்தில், மூன்றாம் வரிசையில், அவருடைய வண்டி தூசி போர்த்திக்கொண்டு நின்றது. கதவைத் திறந்து உட்கார்ந்தார். இருக்கை பின்னால் இருந்தது. கிளப்பினார். ஒரு துளி கூடப் பெய்யவில்லை. யார் வீட்டுக்கோ வந்துவிட்டவர் போல எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேல்தளத்திலிருந்து காணாமல் போன நர்ஸம்மாவின் வெள்ளி வண்டியைத் திருட்டு என்று காவல் நிலையத்தில் பதிந்திருந்தார்கள். எண்ணைப் பார்த்துத் தேட எண்ணே இல்லாத வண்டி என்பதால் போலீசாரும் ஆறப்போட்டிருந்தார்கள். போய் நின்றால் திருடன் என்பார்கள் என்று முதல் இரண்டு நாள் பயந்தார். அதிகாலையில் கொண்டுபோய் அதே இடத்தில் விட்டுவிடலாமா என்று அடுத்த இரண்டு நாள் யோசித்தார். அதற்குப் பிறகு பேக்கரிக்காரர் கடிதம் எழுதக் கூப்பிட்டார். கடிதத்துக்குள் எங்காவது, எண் போட்டு, யார் மனமும் கோணாத ஒரு வாக்கியமாக இதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை. இவற்றுக்கெல்லாம் அடியில், சொன்னால் வெட்கக்கேடான காரணம் ஒன்றும் இருந்தது. மழை நின்றுபோகும்.

இப்படி எட்டு நாள்.

“ஒண்ணாவது நான் சொல்றேன்” என்று பேக்கரிக்காரர் தொடங்கினார். “எழுதிக்குங்க சார். கடை வாசல் கேமராவுல தெளிவா இருக்கு. ஒருத்தன் வர்றான். கையில ஏதோ சின்னப் பெட்டி. கதவுகிட்ட காட்டறான். உள்ள உக்கார்றான். போயிட்டான். நான் ஒரு பன்னைப் பொட்டலம் கட்டற நேரம்கூட ஆகல.”

“நீங்க பன் கட்டற நேரத்துல ஊருக்கே போயிட்டு வந்துடலாமேண்ணே” என்றார் திரைச்சீலைக் கடைக்காரர்.

“உன் கதையச் சொல்லுய்யா முதல்ல. வண்டிய விட்டுட்டு சீட் கவரைத் திருடிட்டுப் போனான்ல ஒருத்தன்?”

“நானே தைச்ச கவர். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு எது பெறுமானமுள்ளதுன்னு.” கடைக்காரர் சற்றுப் பெருமையாகவே நிமிர்ந்தார். “எழுதுங்க சார். என் வண்டியில அலாரம்னு ஒண்ணு இருக்கு. பூனை தாண்டினா கத்தும். இலை விழுந்தா கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினா கத்தும். திருடன் உக்காந்து ஒவ்வொரு கவரா நிதானமா கழட்டியிருக்கான், ஒரு சத்தம் போடல. எனக்கென்னவோ அவன்கூட அதுக்குப் பழக்கம்னு நினைக்கிறேன்.”

சர்வேயர் எழுதினார். “இரண்டு: அபாய ஒலி தேவையற்ற வேளைகளில் ஒலிப்பதும், தேவைப்படும் வேளையில் ஒலிக்காததும்.” எழுதிய ஒவ்வொன்றையும் உரக்க வாசித்துக் காட்டினார். அது அவர் வழக்கம். கேட்டவர்களுக்குத் தங்கள் கஷ்டம் இவ்வளவு கௌரவமானதா என்று வியப்பாக இருந்தது.

“மூணாவது நீங்கம்மா” என்றார் பேக்கரிக்காரர்.

நர்ஸம்மா கைப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அன்னிக்கு என் தம்பி ஒரு வேலைக்கு வண்டிய எடுத்துட்டுப் போனான். மத்தியானம் கொண்டுவந்து ஆஸ்பத்திரி மேல்தளத்துல நிறுத்திட்டு, வார்டுல வந்து சாவியைக் கொடுத்துட்டுப் போனான். சாயங்காலம் போய்ப் பார்த்தா வண்டி இல்ல. ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்ல.” நிறுத்தினார். “வேலை முடிஞ்சு கீழ வந்தா பத்து நிமிஷம் வண்டிக்குள்ள கதவைச் சாத்திட்டு உக்காந்திருப்பேன் சார். மழைச் சத்தம் பதிஞ்சு வச்சிருந்தேன். அதைக் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வார்டுல பார்த்ததெல்லாம் அதுல கழுவிட்டுப் போகும். இப்ப அப்படியே வீட்டுக்குப் போறேன். அதெல்லாம் எழுத வேண்டாம். சும்மா சொன்னேன்.”

சர்வேயரின் பேனா தாளில் ஓர் இடத்திலேயே நின்று மை கசிந்தது.

“இன்ஷூரன்ஸ்ல நாளன்னிக்கு முடிவு சொல்றாங்க. சாவி யார்கிட்டயாவது இருந்திருக்கணும்னு அவங்களும் சொல்றாங்க, என் வீட்டுக்காரரும் சொல்றாரு. பணம் இல்லைன்னு வந்தா…” நர்ஸம்மா முடிக்கவில்லை.

கதவோரத்திலிருந்து தம்பி முடித்தார். “மாமா என் பேரைப் போலீஸ்ல கொடுத்துடுவாரு. அதானே? சொல்லேன்.”

“நான் அப்படிச் சொல்லலடா.”

“நீ ஒண்ணு கேட்டே. ‘உண்மையச் சொல்லு, வித்துட்டியா’ன்னு. அது போதும்.”

பேக்கரிக்காரர் எதற்கென்று தெரியாமல் பொட்டலத்தைப் பிரித்தார், காகிதம் மொரமொரவென்று ஊரையே கூட்டியது, மறுபடி மூடிக்கொண்டார்.

சர்வேயருக்கு இது புதுச் செய்தி. வண்டி போனதும், வண்டிக்காரி யாரென்பதும் அவருக்குத் தெரியும். அதற்காக அக்கா தம்பியைச் சந்தேகிக்கிறார் என்பது தெரியாது.

“தம்பி,” என்றார், “நீங்க ஏதாவது சொல்லணுமா? எழுதிக்கிறேன்.”

“சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? இன்னொரு சாவி என் பாக்கெட்லயே இருந்துச்சு. திருப்பிக் கொடுக்க மறந்துட்டேன். வண்டி போன பிறகுதான் பார்த்தேன். அதையும் எழுதிக்குங்க.”

“யோவ், அது உனக்கே எதிராப் போகும்யா!” என்றார் பேக்கரிக்காரர்.

“போகட்டும்ணே. இருந்துச்சுல்ல? இருந்ததை இருந்துச்சுன்னுதானே எழுதணும்.”

சர்வேயர் அதை எழுதினார். எழுதும்போது தன் கையெழுத்து யாரோ எழுதுவது போல் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே உறை காற்றில் உப்பி, சாய்ந்து, உப்பியது. உள்ளே யாரோ தூங்கிக்கொண்டிருப்பது போல. இத்தனை நாள் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களைத் தேடினார். ‘தவறுதலாக இடம் மாறிய ஒரு வாகனம்’ என்று ஒன்று இருந்தது. ‘எதிர்பாராத சூழ்நிலையில்’ என்று ஒன்று. முக்காலியில் இருந்தவரின் ஒரே வரிக்குப் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்த்தபோது, எதுவும் தேறவில்லை.

ஐந்து என்று எண் போட்டார். எழுதினார். வழக்கப்படி வாசித்தார்.

“ஐந்து: மேற்சொன்ன வண்டியை அன்று மேல்தளத்திலிருந்து எடுத்துவந்தவன் இந்தக் கடிதத்தை எழுதுகிற நான். என் வண்டி என்று நினைத்து எடுத்தேன். என் சாவி அதைத் திறந்தது, கிளப்பவும் செய்தது. அது இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது.”

“என்னங்க எழுதுறீங்க?” என்றார் மனைவி.

யாருக்கும் உடனே உறைக்கவில்லை. முதலில் எழுந்தது தம்பி. எழுந்தவர் வெளியே போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். அவர் உறையின் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, அது மெதுவாக, அலை இறங்குவது போல, வண்டியை விட்டு வழிந்து இறங்கியது. பிற்பகல் சூரியன் வெள்ளித் தகட்டில் பட்டு எல்லோர் முகத்திலும் தெறித்தது.

நர்ஸம்மா பையிலிருந்து சாவியை எடுத்து அழுத்தினார். வண்டி கண்ணடித்தது. சர்வேயர் தன் சாவியை அழுத்தினார். அதற்கும் கண்ணடித்தது. பேக்கரிக்காரர் தன்னுடையதை அழுத்திப் பார்த்தார், வண்டி கண்டுகொள்ளவில்லை. திரைச்சீலைக் கடைக்காரர் சும்மா இருக்க மாட்டாமல் தன்னுடையதை எடுத்தார். கண்ணடித்தது.

“அடிப்பாவி, எல்லாருக்கும் கண்ணடிக்குதே!” என்றார் அவர், தன்னையறியாமல்.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸம்மா சர்வேயரிடம் திரும்பினார்.

“எப்பத் தெரியும் சார் உங்களுக்கு?”

அந்தக் கேள்விக்கு நிறையப் பதில்கள் இருந்தன. “எட்டு நாளா” என்றார் சர்வேயர்.

“எட்டு நாள்.” அவர் கத்தவில்லை. நோயாளியின் காய்ச்சலைச் சொல்வது போல் சொன்னார். “இந்த எட்டு நாள்லதான் சார் அவன் வீட்டுக்கு வர்றதை நிறுத்தினான். என் பிள்ளைங்க மாமா எங்கேன்னு கேட்டுச்சுங்க. நான் அவனுக்கு வேலை ஜாஸ்தின்னு சொன்னேன். இங்க நீங்க என் மழையில நனைஞ்சுட்டு இருந்திருக்கீங்க.”

சர்வேயர் தெருவின் நடுவில் நின்றுகொண்டிருந்தார், அளவுக்கல் போல.

நர்ஸம்மா கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். இருக்கை அவருக்கென்றே இருந்தது. சர்வேயர் அதை ஒருநாளும் நகர்த்தியதில்லை. கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பினார். வெளியே நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவர் கண்ணை மூடுவதும், தோள் மெல்ல இறங்குவதும் மட்டும் தெரிந்தது. தெருவெல்லாம் காய்ந்து கிடக்க, அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும் மழைக்காலம். பிறகு அவர் குனிந்து அந்தப் பக்கத்துக் கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டார். திறந்த இடைவெளியில் தூறல் தெருவுக்கு வந்தது.

தம்பி திறந்த கதவருகே வந்து நின்றார். “நான் என்ன கூப்பிடாமலே ஏறிக்கணுமா?” என்றார்.

“ஏறுடா.”

“முதல்ல ஒண்ணு சொல்லு.”

“தப்புதான்டா. கேட்டிருக்கக் கூடாது. ஏறு.”

ஏறிக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது. இருவரும் பேசினார்களா என்பது தெரியாது. வாய் அசைந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. வெளியே மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும், மழைக்கு ஒதுங்க இடமில்லாதவர்கள் மாதிரி, வெயிலில் காத்து நின்றார்கள்.

“எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?” என்றார் மனைவி, பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில்.

“உனக்குச் சொன்னா உடனே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருப்பே.”

“ஆமா. அதுக்குத்தானே பொண்டாட்டி இருக்கிறது? கண்ணுல மருந்து விட்டுட்டு ஓட்டாதீங்கன்னும் சொன்னேன். எந்தக் காதுல வாங்கினீங்க?”

திரும்ப மேசைக்கு வந்தபோது உட்காரும் இடங்கள் மாறியிருந்தன. தம்பி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்ஸம்மா கணவரைப் போனில் அழைத்தார். “வண்டி கிடைச்சுடுச்சு. கிடைச்சுதுன்னா கிடைச்சுது. எப்படிங்கிறதை அப்புறம் சொல்றேன். முதல்ல இவன்கிட்டப் பேசுங்க. இல்ல, என்கிட்ட வேண்டாம், இவன்கிட்ட.” போனைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி வாங்கி, “ம்” என்றார். இன்னொரு “ம்”. பிறகு, “சரி மாமா, விடுங்க” என்றார். அவ்வளவுதான்.

பேக்கரிக்காரருக்கு இப்போது புது உற்சாகம். “சார், கம்பெனிக்காரன் இனிமே வாயே திறக்க முடியாது. ஒவ்வொரு சாவியும் தனித்தன்மையாம்! மூணு சாவி ஒரே வண்டிக்கு! போடுங்க ஆறாவதா.”

சர்வேயர் ஆறாவதாக அதைப் போட்டார்: இன்று, இன்ன நேரத்தில், இன்னார் முன்னிலையில், மூன்று வெவ்வேறு உரிமையாளர்களின் சாவிகளால் ஒரே வண்டி திறந்தது. சாவி ஒவ்வொன்றிலும் அடித்திருந்த எண்ணையும் குறித்தார்.

“முடிச்சுடலாமா?” என்றார்.

“எட்டு நாளையும் எழுதுங்க சார்” என்றார் நர்ஸம்மா.

“அது கம்பெனிக்கு எதுக்கும்மா?” என்றார் திரைச்சீலைக் கடைக்காரர். “நாளைக்கு இதையே பிடிச்சுக்கிட்டு சாரைத் திருடன்னு சொல்லுவாங்க.”

“கம்பெனிக்கு இல்லைங்க. இன்னொரு நகல் போலீசுக்கும் இன்ஷூரன்சுக்கும் போகும்ல. என் தம்பி அவனுக்கு எதிரானதை எழுதச் சொன்னான். எழுதினீங்க. இதையும் எழுதுங்க.”

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். அவர் நிலைப்படியை விட்டு வந்து, கூட்டம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாக ஒரு நாற்காலியை இழுத்துக் கணவரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “எழுதுங்க” என்றார். “போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன்.”

ஏழு. “வண்டி என்னுடையதல்ல என்பது எட்டு நாட்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. முதலில் பயத்தால். பிறகு, வண்டி எனக்குப் பிடித்திருந்ததால். அதனால் குற்றமற்ற ஒருவர் மேல் பழி விழுந்தது.” வாசிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவரே தாண்டி வந்தார்.

கையெழுத்துப் போடும் வரிசையில், எழுதியவர் கடைசியில் போடுவதுதான் வழக்கம். சர்வேயர் முதலில் போட்டார். பிறகு தாள் மேசையைச் சுற்றி வந்தது: நர்ஸம்மா, பேக்கரிக்காரர், பேனா எழுதவில்லை என்று இரண்டு தரம் உதறிய திரைச்சீலைக் கடைக்காரர். தம்பிக்கு வண்டி கிடையாது, உரிமையாளர் அல்ல. “சாட்சின்னு போடுங்க தம்பி” என்றார் சர்வேயர். அவர் முதல்முறையாக சர்வேயரின் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. போட்டார்.

நகல்கள் இரண்டு தயாராயின. அசலை நான்காக மடிக்காமல் மூன்றாக மடித்து உறையில் இட்டார் சர்வேயர். பிரிக்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது ஐந்தாம் எண்ணாக இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. முகவரி எழுதினார். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயரையும் வீட்டு எண்ணையும் முழுதாக எழுதினார். பசையைத் தடவினார். விளிம்பு எழும்பி எழும்பி வந்தது.

“கொடுங்க” என்றார் தம்பி. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் கம்பிகளைப் பிடித்துக் காய்த்த கை. பசை காயும் வரை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு வரச்சொல்லியிருந்த கூரியர்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சர்வேயரே எழுந்துபோய் உறையைக் கொடுத்தார்.

“உள்ள என்ன சார்?”

“கடிதம்தான்.”

கூரியர்காரர் அதைப் பைக்குள் போட்டு வாரை இறுக்கினார்; வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனையில் திரும்பினார்.